அளவுக்கல்லை இருவரும் பார்க்க வேண்டும்

செட்டிநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. தேனாறும் மணிமுத்தாறும் பாம்பாறும் விருசுழியாறும் ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாள் பெருக்கெடுத்து, தை பிறந்ததும் வெறும் மணலாகக் கிடப்பவை. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன் நாடுகளுக்கிடையிலான ஆற்றுநீர் உடன்பாடுகளைப் பற்றி ஏன் இவ்வளவு படிக்கிறாய் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எங்கள் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றின் தெருக்குழாயில் வருவது காவிரித் தண்ணீர் என்பதுதான் நான் சொல்லும் முதல் காரணம். திருச்சிக்கு அருகே ஆற்றுப் படுகையில் எடுக்கப்பட்டு, புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களைக் கடந்து இராமநாதபுரம் வரை செல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் எங்கள் செம்மண்ணுக்கடியில்தான் போகிறது. அந்தக் காவிரியில் தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி. என்று 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்களிடையே ஓடும் ஆற்றை எந்த மாநிலமும் தனக்கே உரியது என்று சொல்ல முடியாது என்று விளக்கும்போது, நீதிபதிகள் 1966-இல் பன்னாட்டுச் சட்டச் சங்கம் வகுத்த ஹெல்சிங்கி விதிகளையும் எடுத்துப் பார்த்தார்கள். பல நாடுகளின் ஊடே ஓடும் ஆற்றில் ஒவ்வொரு நாட்டுக்கும் நியாயமான பங்கு உண்டு என்பது அந்த விதிகளின் சாரம். பின்லாந்தின் தலைநகரில் எழுதப்பட்ட ஒரு கோட்பாடு, குடகில் பெய்த மழையின் கணக்கில் கலந்து, எங்கள் ஊர்ப் பெண்கள் வரிசையில் வைக்கும் குடங்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் எங்கள் கண்மாய்கள். மேலேயிருந்து கீழாகச் சங்கிலிபோல் தொடுக்கப்பட்டவை அவை. மேல்கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால்தான் கீழ்கண்மாய்க்கு நீர். அது நிறைந்தால்தான் அதற்கடுத்த ஊருக்கு. கலுங்கு என்பது கண்மாயின் கொள்ளளவுக்கு மேற்பட்ட நீர் வெளியேறுவதற்காகக் கல்லால் கட்டிய தாழ்வான சுவர். அதன்மேல் வரிசையாகக் கற்களை ஊன்றியிருப்பார்கள். மழை முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தால் ஒரு முழம் நீர் கூடுதலாகத் தேங்கும். மேலூருக்கு அந்த ஒரு முழம், வயலுக்கு இன்னும் ஒரு முறை பாய்ச்சும் தண்ணீர். கடைசி நேரத்தில் கருகும் பயிரைக் காப்பாற்றிவிடும். கீழூருக்கோ அது நாற்றங்காலுக்கே இல்லாத நீர். ஆனால் அடைப்பை எடுக்காமல் விட்டு, இரவில் பெருமழை பிடித்துக் கரை உடைந்தால், அந்த வெள்ளம் கீழ்கண்மாயின் கரையையும் உடைத்துக்கொண்டு போகும். எனவே மேலூருக்கும் கீழூருக்கும் பகை இருந்தாலும் பிரிந்துவிட முடியாத உறவு இருக்கிறது. பெரிய ஆறுகளின் கரையில் இருக்கும் நாடுகளும் இப்படித்தான் பிணைக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு கார்த்திகைக் காலையில் அப்படியொரு கலுங்கின் அருகே நின்றிருந்தேன். கற்களுள் ஒன்றில் உளியால் கீறிய கோடு இருந்தது. பாசி படிந்து பாதி மறைந்திருந்தாலும் விரலால் தடவினால் தெரியும் ஆழம். கோட்டுக்கு மேலே நீர் நின்றால் அடைப்பை எடுத்துவிட வேண்டும் என்பது இரண்டு ஊருக்கும் பொதுவான வழக்கம். வயல்களுக்கு நீர் திறந்துவிடும் பொறுப்பிலிருந்த கீழூரின் நீர்ப்பாய்ச்சி விடியற்காலையிலேயே சைக்கிளில் வந்து இறங்கி, மேலூர் நீர்ப்பாய்ச்சியிடம், "என்னண்ணே, கோட்டத் தாண்டி நாலு விரக்கடை நிக்குது, இன்னும் அடைப்ப எடுக்கலையே?" என்றார். பெரியவர் கோபப்படவில்லை. "விடியட்டும்னுதான் இருந்தேன் தம்பி. நீயும் பாத்துட்டேல்ல, வா, ரெண்டு பேருமா எடுப்போம்" என்று மண்வெட்டியை எடுத்தார்.

அவர்களிடம் கையெழுத்திட்ட காகிதம் எதுவும் இல்லை. கீழூர்க்காரர் மேலூர் எல்லைக்குள் வந்து அளவைப் பார்க்கலாம் என்ற உரிமை மட்டும் இருந்தது. அந்த உரிமை இருக்கும்வரை சந்தேகம் வளர்வதற்கு இடமில்லை. பிற்பாடு பன்னாட்டு நீர் உடன்பாடுகளைப் படிக்கப் படிக்க, நிலைத்தவற்றுக்கும் சிதைந்தவற்றுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. யாருக்கு எத்தனை பங்கு என்பதைவிட, அளவை இருவரும் சேர்ந்து பார்க்கிறார்களா என்பதே உடன்பாட்டின் உயிர்.

இந்தியாவும் பாகிஸ்தானும் 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் கையெழுத்திட்ட சிந்து நதி ஒப்பந்தம் உலக வங்கியின் முயற்சியால் உருவானது. ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய கிழக்கு ஆறுகள் இந்தியாவுக்கும், சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மேற்கு ஆறுகள் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கும் என்று ஆறுகளையே பிரித்துக்கொடுத்த ஒப்பந்தம் அது. இரு நாட்டு ஆணையர்களைக் கொண்ட நிலையான ஆணையம் ஒன்று அமைந்து, நீரளவுத் தகவல்களைப் பரிமாறிக்கொண்டு, ஆண்டுக்கொரு முறையாவது கூடிப் பேச வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. 1965, 1971, 1999 போர்களையும் அந்த ஏற்பாடு தாண்டி வந்தது. 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. ஆயினும் அதே ஆண்டு ஆகஸ்டில் தாவி ஆற்றில் வெள்ளம் பெருகியபோது, மனிதாபிமான அடிப்படையில் தூதரகம் வழியாகப் பாகிஸ்தானுக்கு இந்தியா முன்னெச்சரிக்கை அனுப்பியது. ஒப்பந்தம் உறங்கும் காலத்திலும் அளவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்பதை நான் நம்பிக்கை தரும் செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கங்கையின் கதை எங்கள் கலுங்குக்கு இன்னும் நெருக்கமானது. 1975-இல் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியதிலிருந்து கீழே இருக்கும் வங்கதேசம் கோடைகால நீருக்காகக் குரல் கொடுத்து வந்தது. 1996 டிசம்பர் 12 அன்று முப்பது ஆண்டுகளுக்கான உடன்பாடு கையெழுத்தானது. ஜனவரி முதல் மே வரை பத்து பத்து நாளாகப் பிரித்து, ஃபராக்காவில் 70,000 கன அடி அல்லது அதற்குக் குறைவாக நீர் வந்தால் பாதிக்குப் பாதி, 70,000-இலிருந்து 75,000 வரை வந்தால் வங்கதேசத்துக்கு 35,000 போக மீதி இந்தியாவுக்கு, அதற்கும் மேல் வந்தால் இந்தியாவுக்கு 40,000 போக மீதி வங்கதேசத்துக்கு என்பது கணக்கு. நொடிக்கு இத்தனை கன அடி என்று பொருள். இந்தக் கணக்கைக் காப்பாற்ற இரு நாட்டுப் பொறியாளர்களும் சேர்ந்த குழுக்கள், இந்தியப் பக்கம் ஃபராக்காவிலும் வங்கதேசப் பக்கம் ஹார்டிஞ்ச் பாலத்திலும் நின்று அளவெடுக்கின்றன. சைக்கிளில் வந்த கீழூர் நீர்ப்பாய்ச்சியின் வேலையைத்தான் அவர்கள் செய்கிறார்கள். இரு நாடுகளும் பகிர்ந்துகொள்ளும் ஆறுகள் 54. அவற்றுள் கங்கைக்கு மட்டுமே இப்படி முழுமையான பங்கீட்டு உடன்பாடு உண்டு. குஷியாராவிலிருந்து சிறிதளவு நீர் எடுப்பதற்கு 2022-இல் ஒரு புரிந்துணர்வு ஏற்பட்டது. தீஸ்தா இன்றுவரை தீராத வழக்காக நிற்கிறது.

இதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் தரும் ஒன்று உண்டு. எல்லை கடக்கும் ஆறுகளான சிந்து, கங்கை, பிரம்மபுத்திராப் படுகைகளின் நீரோட்டக் கணக்கை இந்தியா பொதுமக்களுக்குத் திறந்து வைப்பதில்லை. இரகசியமாகக் காக்க வேண்டிய தகவல் என்ற வகையில் அது பூட்டி வைக்கப்படுகிறது. அரசுகள் பார்த்துக்கொள்கின்றன, ஆற்றங்கரையில் இருப்பவர் பார்க்க முடிவதில்லை. பிரம்மபுத்திராவில் நாமே கீழூர்க்காரர்கள். சீனா வெள்ளக்காலத் தகவல் தருவதாக 2002-இல் உடன்பட்டும், பூட்டான் எல்லையருகே இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற டோக்லாம் நெருக்கடி நிலவிய 2017-இல் அந்தத் தகவல் நமக்கு வரவில்லை. மேலூர் பேசாமல் இருந்தால் கீழூர் என்ன பாடு படும் என்பதை அன்று உணர்ந்த நாடு, தான் மேலூராக இருக்கும் இடங்களில் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1997 மே 21 அன்று பன்னாட்டு நீர்வழிகளுக்கான உடன்படிக்கையை 103 வாக்குகளால் ஏற்றபோது மூன்று நாடுகள் எதிர்த்தன. வாக்களிக்காமல் ஒதுங்கிய 27 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. முப்பத்தைந்தாவது நாடாக வியட்நாம் அதை ஏற்ற பிறகு, 2014 ஆகஸ்டில்தான் அது நடைமுறைக்கு வந்தது.

வியட்நாம் என்றவுடன் செட்டிநாட்டார் மனம் சைகோனுக்குப் போகும். அங்கே தண்டாயுதபாணி கோயில் எழுப்பிய நகரத்தார், மேகாங் கழிமுகத்து நெல் வணிகத்துக்குக் கடன் கொடுத்தவர்கள். அதைவிடப் பெரிய கதை பர்மாவினுடையது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் வரிசையாக நிற்கும் தேக்குத் தூண்களும், முற்றம் முற்றமாக நீளும் வளவுகளும் பெரும்பாலும் ஐராவதிக் கழிமுகத்தின் நெல்லில் எழுந்தவை. 1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கடனைக் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1938-இல் சுமார் 25 விழுக்காடாக உயர்ந்தது. விரும்பி வாங்கிய நிலமன்று, திரும்பாத கடனுக்கு வந்த நிலம் என்பது உண்மை. அந்த நிலத்தை உழுதவர் அதை இழந்தார் என்பதும் அதே அளவு உண்மை. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது நடந்தே திரும்பியவர்களின் துயரத்தை எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். ஐராவதி உழவரின் பக்கத்தை அதே அக்கறையோடு சொல்வது குறைவு.

அந்நிய ஆற்றின் நீரால் எழுந்த ஊர்கள் எங்களுடையவை. பர்மா அரிசி கப்பலில் வந்து இந்தக் கரையில் இறங்கிய காலம் முழுவதும், மழை பொய்த்த ஆண்டுகளில் ஐராவதியின் தண்ணீரைத்தான் நாங்கள் சோறாக உண்டோம். எனவே ஐராவதியின் தலைப்பில் மியிட்சோனில் சீன முதலீட்டில் எழவிருந்த பேரணை, கச்சின் மக்களின் எதிர்ப்புக்கும் நாடு தழுவிய கவலைக்கும் பிறகு 2011 செப்டம்பர் 30 அன்று நிறுத்தி வைக்கப்பட்டபோது, அதை அயல்நாட்டுச் செய்தியாக என்னால் படிக்க இயலவில்லை. அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தின் பெரும்பங்கு எல்லை தாண்டிப் போக, மூழ்குவது மட்டும் உள்ளூர் மக்களின் கிராமங்களாக இருந்திருக்கும். இரு அரசுகள் கைகுலுக்கிக்கொண்டால் அது ஒத்துழைப்பு ஆகிவிடும் என்ற எண்ணத்துக்கு மியிட்சோன் தந்த விடை போதும்.

மேகாங்கில் கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகள் 1995-இல் ஆணையம் அமைத்தன. ஆற்றின் தலைப்பில் இருக்கும் சீனா அதில் உறுப்பினராகச் சேராமல், உரையாடல் பங்காளியாக மட்டும் இருக்கிறது. வெள்ளக்காலத் தகவலை மட்டும் கொடுத்துவந்த அந்நாடு, இரண்டு நிலையங்களின் அளவை ஆண்டு முழுவதும் தருவதற்கு 2020-இல்தான் ஒப்புக்கொண்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றின் கரை நாடுகள் எடுத்த வழி இதைவிடத் துணிவானது. மாலி, மொரித்தானியா, செனகல் மூன்றும் 1972-இல் அமைத்த கூட்டமைப்பு, மானந்தாலி, தியாமா என்னும் இரண்டு அணைகளையும் எந்த நாட்டின் மண்ணில் இருந்தாலும் எல்லா நாடுகளுக்கும் பொதுச் சொத்து என்று ஆக்கியது. பின்னர் கினியாவும் சேர்ந்தது.

இருந்தாலும் செட்டிநாட்டுக்கு நேரடியாகப் பாடமாகும் உடன்பாடு எது என்று கேட்டால், நான் ஜெனீவாவைத்தான் காட்டுவேன். ஏனெனில் அங்கே பங்கிடப்பட்டது கண்ணுக்குத் தெரியாத நீர். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா மாநிலத்துக்கும் பிரான்சின் எல்லை ஊர்களுக்கும் அடியில் ஒரே நிலத்தடி நீர்த்தேக்கம் பரந்திருக்கிறது. 1960-களிலும் எழுபதுகளிலும் இரு பக்கமும் போட்டியாக இறைத்ததில் நீர்மட்டம் ஏழு மீட்டருக்கு மேல் இறங்கி, கிணறுகளை மூட வேண்டிய நிலை வந்தது. 1978-இல் ஜெனீவா மாநிலமும் பிரான்சின் ஓத்-சவுவா மாவட்ட நிர்வாகமும் உடன்பாடு செய்துகொண்டன. ஆர்வ் ஆற்றின் நீரை எடுத்துத் தூய்மைப்படுத்தி, வெசி என்னுமிடத்தில் நிலத்துக்குள் இறக்கும் நிலையம் 1980 முதல் இயங்குகிறது. பிரெஞ்சுப் பக்கம் ஆண்டுக்கு ஐம்பது இலட்சம் கனமீட்டருக்கு மேல் எடுக்கக்கூடாது. அதில் இருபது இலட்சம், தங்கள் மண்ணில் இயல்பாக ஊறும் நீருக்கு ஈடாக, கட்டணமின்றி. அதற்குமேல் எடுத்தால் நீரூட்டும் செலவில் பங்கு கொடுக்க வேண்டும். எல்லாக் கிணறுகளிலும் அளவுமானி. முப்பதாண்டுக் காலம் முடியும் தறுவாயில், 2007-இல், உடன்பாட்டைப் புதுப்பித்துக்கொண்டார்கள். இம்முறை எல்லை ஊராட்சிகளே நேரடியாகக் கையெழுத்திட்டன. பாரிசிலும் பெர்னிலும் இருப்பவர்களைக் காத்திராமல், நீரைக் குடிப்பவர்களே பேசி முடித்த உடன்பாடு என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு.

காரைக்குடியின் பெருமையே சம்பை ஊற்றின் சுவையான தண்ணீர். அந்த ஊற்றும் நிலத்துக்கடியில்தான் சேர்கிறது. சுற்றிலும் உள்ள செம்மண் பரப்பில் பெய்யும் மழை உள்ளே இறங்கினால்தான் அது வாழும். ஆனால் ஊரைச் சுற்றிப் புதிய மனைகள் பெருக, வீட்டுக்கொரு ஆழ்துளைக் கிணறு நூற்றுக்கணக்கான அடிக்கு இறங்குகிறது. எதிலும் அளவுமானி கிடையாது. கண்மாய்க்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால்களைச் சீமைக் கருவேலம் அடைத்திருக்கிறது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 2003-இல் இயற்றிய சட்டமும் 2013-இல் நீக்கப்பட்டுவிட்டது. இரண்டு நாடுகள் எல்லைக்கு இரு பக்கமும் அளவுமானி பொருத்திக்கொள்ள முடிந்தபோது, ஒரே தெருவின் இரண்டு சிறகுகளில் வாழும் நாம் ஏன் அதைப் பற்றிப் பேசவே தொடங்கவில்லை என்று அடிக்கடி நினைக்கிறேன்.

இதுவரை நான் புகழ்ந்த கலுங்கு வழக்கத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. கல்லில் கீறிய அளவுக் கோட்டைப் பார்க்கும் உரிமை நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான் இருந்தது. கண்மாய் நீர் பாயும் நிலமான ஆயக்கட்டில் பங்கில்லாத கூலிக்காரருக்கும், எந்தச் சாதிப் பெண்ணுக்கும், கரையின் மறுபக்கச் சேரிக்கும் அந்தப் பேச்சில் இடமில்லை. குடிநீருக்கென்றே வெட்டிய குளமான ஊருணி இன்னும் கூர்மையான சான்று. செம்புராங்கல் வரிசை வரிசையாக இறங்கும் படிகள், வண்டலை வெளியிலேயே நிறுத்தும் குழி, கால் நனைக்கக் கூடாது என்னும் கட்டுப்பாடு, கலங்கிய நீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறம் தேய்க்கும் தேற்றான்கொட்டை என்று எங்கள் முன்னோர் குடிநீரைக் காத்த அறிவு வியக்கத்தக்கது. அதே ஊருணியின் படியில் இறங்கக் கூடாதவர்கள் என்று ஒரு கூட்டம் வைக்கப்பட்டு, மேலே நின்று யாராவது ஊற்றுவார்களா என்று குடத்தோடு காத்திருந்ததும் அதே அளவு உண்மை. பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. எங்களிடமிருந்து வெகு தொலைவில் இல்லாத ஊர் அது.

2010 ஜூலை 28 அன்று, பாதுகாப்பான குடிநீரும் துப்புரவும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 122 வாக்குகளால் தீர்மானித்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. நீரைத் தேடிக் கொண்டுவருவதிலும் காப்பதிலும் பெண்களுக்கு நடுநாயகமான பங்கு உண்டு என்று 1992-இலேயே டப்ளின் மாநாடு சொல்லியிருந்தது. இத்தகைய சொற்கள் காகிதத்தில் நின்றுவிடுகின்றன என்று சலித்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அயல்நாட்டுப் பணம் நம் கண்மாய்களுக்கு வரும்போது, அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் கேள்வி கேட்க முடியும். 1984 முதல் ஐரோப்பியச் சமூகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுக் கண்மாய்கள் சீரமைக்கப்பட்டன. 2007-இல் உலக வங்கிக் கடனோடு நீர்வள, நிலவளத் திட்டம் வந்தது. மடைகள் செப்பனிடப்பட்டன, கரைகள் உயர்ந்தன. அவை நல்ல பணிகள். ஆனால் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் பாசனச் சங்கத்தில் வாக்கு நிலமுள்ளவர்களுக்கே. ஊருணிக்கு ஆயக்கட்டு கிடையாது. ஆகவே ஏக்கரால் பயனைக் கணக்கிடும் ஏட்டில் அதற்குப் பக்கமும் கிடையாது. குடம் சுமப்பவள் அங்கே பயனாளியாகக்கூட எழுதப்படுவதில்லை. அயல்நாட்டார் கடன் கொடுக்கும் மேசையில் கிராமத்தின் எந்தப் பாதி உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பது நம் கடமை.

கங்கை உடன்பாட்டின் முப்பதாண்டுக் காலம் 2026 டிசம்பர் 12-உடன் நிறைவடைகிறது. அதே மாதத்தில் ஐக்கிய அரபு அமீரகமும் செனகலும் இணைந்து ஐ.நா. நீர் மாநாட்டை நடத்த இருக்கின்றன. 1977-இல் அர்ஜென்டினாவில் ஒன்று, பிறகு 46 ஆண்டு கழித்து 2023-இல் நியூயார்க்கில் ஒன்று என்று நடந்த கூட்டம், இப்போது மூன்றாண்டு இடைவெளியில் வருவதே நல்ல மாற்றம். எல்லை கடக்கும் நீருக்கான ஐரோப்பிய உடன்படிக்கை எல்லா நாடுகளுக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, 2025-இல் தெற்காசியாவிலிருந்து முதல் நாடாக வங்கதேசம் அதில் சேர்ந்தது. அதைப் பகைமையின் அடையாளமாகப் பார்க்காமல், பேச்சுக்கான பொது விதிகளைத் தேடும் கீழூரின் முயற்சியாக இந்தியா பார்க்க வேண்டும். நாமும் சேர்வதைப் பற்றி நாடாளுமன்றத்தில் விவாதிக்க வேண்டும்.

கங்கை உடன்பாடு புதுப்பிக்கப்படும்போது பங்கின் அளவு கூடுமா குறையுமா என்பது பொறியாளர்களும் அமைச்சர்களும் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு. நான் விரும்புவது ஒரு சிறிய விதி. ஃபராக்காவிலும் ஹார்டிஞ்ச் பாலத்திலும் இரு நாட்டுக் குழுக்களும் கூட்டாக எடுக்கும் அளவு, ராஜ்ஷாஹியில் பத்மா ஆற்றில் வலை வீசும் மீனவரும், மால்டாவில் கரையரிப்பில் நிலத்தைப் பறிகொடுத்த உழவரும் தத்தம் கைப்பேசியில் வங்க மொழியில் படித்துக்கொள்ளும்படி அன்றன்றைக்கே வெளியிடப்பட வேண்டும். அதில் ஐயம் எழுந்தால் கேள்வி கேட்கும் உரிமை அவர்கள் இருவருக்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.